தண்டு இறங்கிய இடம்

சென்ற ஆண்டு ஆவணி முதல் வாரத்தில், பதினெட்டு ஆண்டுகள் வாழ்ந்த மேற்கு மாம்பலத்து வாடகை வீட்டைக் காலிசெய்துகொண்டு, பரங்கிமலைக் கண்டோன்மெண்டின் கடைத்தெருப் பகுதியில் உள்ள பழைய ஓட்டு வீடொன்றுக்குக் குடிபெயர்ந்தோம். நான் பணிபுரியும் கல்லூரி தாம்பரத்துக்கு அப்பால் இருக்கிறது. மாம்பலத்தில் வாடகை ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போயிற்று. மூன்றாம் மாடி ஏறியிறங்க என் தாயாரால் இயலாமற்போயிற்று. முற்றமும் கிணறும் வேப்பமரமும் உள்ள தரைத்தள வீடு, அதுவும் ரயில் நிலையத்திலிருந்து நடந்துபோகும் தொலைவில் இருக்கிறது என்று பழைய மாணவர் ஒருவர் சொன்ன அன்று மாலையே போய்ப் பார்த்து முன்பணமும் கொடுத்துவிட்டேன்.

செய்தி கல்லூரியில் பரவியபோது, வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் “பேராசிரியர் பாசறை புகுகிறார்” என்று கேலி செய்தார். என் தாயார் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். அவர் கேட்டது இன்னும் நேரானது. “பட்டாளத்துக்காரங்க எடத்துல நமக்கென்னடா சோலி?” என்றார். நண்பரின் சொல்லுக்கு அன்றே சிரித்துவிட்டேன். தாயாரின் கேள்விக்கு ஓராண்டாக விடை தேடிக்கொண்டிருக்கிறேன்.

சாமான்களை ஏற்றிய மினி லாரி சைதாப்பேட்டைப் பாலத்தைக் கடந்தபோது ஓட்டுநருக்குப் பக்கத்தில் நான் அமர்ந்திருந்தேன். இன்று மறைமலையடிகள் பெயரால் வழங்கும் அந்தப் பாலம் இருக்குமிடத்தில், 1726ஆம் ஆண்டில் கோஜா பெட்ரூஸ் உஸ்கான் என்னும் ஆர்மீனிய வணிகர் தம் சொந்தச் செலவில் அடையாற்றின்மீது ஒரு பாலம் கட்டினார். ஆங்கிலேயர் அதனை ‘மார்மலாங் பாலம்’ என்றனர். மாம்பலம் அவர்கள் வாயில் அப்படி மருவியது. பரங்கிமலையின்மீதுள்ள தேவாலயத்துக்குச் செல்லும் படிகளை அமைத்தவரும் அவரே. மாம்பலத்திலிருந்து மலைக்குப் போகிறவனுக்குப் பாலத்தையும் படியையும் சேர்த்தே அமைத்துக்கொடுத்த அந்த அயல்நாட்டு வணிகரை எண்ணிக்கொண்டுதான் நானும் ஆற்றைக் கடந்தேன். பீரோவின் கண்ணாடி உடையாமல் வந்து சேர்ந்ததற்கும் அவருக்கே நன்றி சொல்லிக்கொண்டேன்.

ஊரின் பெயரைப் பற்றி ஒரு சொல். தமிழாசிரியன் ஒருவன் புது ஊருக்குப் போனால் முதலில் கைவைப்பது பெயரில்தான். போர்த்துக்கீசியர் 1523இல் மலையுச்சியில் தேவாலயம் எழுப்பினர். மேலை நாட்டவரைக் குறிக்க அரபு, பாரசீகம் வழியே நம்மிடம் வந்த ‘பரங்கி’ என்னும் சொல் மலைக்கும் ஒட்டிக்கொண்டது. பரங்கிக்காய், பரங்கிப்பேட்டை, பரங்கிப்புண் என்று அச்சொல் நம் மொழியில் தோட்டத்துக்கும் துறைமுகத்துக்கும் நோய்க்கும் போய்ச் சேர்ந்த கதை தனிக் கட்டுரைக்குரியது. மலையடிவாரத்து நந்தீசுவரர் கோயிலைச் சார்ந்தோரோ, பிருங்கி முனிவர் தவமிருந்ததால் ‘பிருங்கி மலை’ என்றிருந்ததே மருவிற்று என்பர். ஒலியியலை வைத்து எது சரி என்று என்னால் ஒரு மணிநேரம் பேச முடியும். ஆனால் இவ்வூர்க்காரர் எவரும் அந்த வழக்கில் தீர்ப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர்கள் ‘மவுண்ட்’ என்கிறார்கள். கோட்டையிலிருந்து இம்மலைக்கு வந்த சாலைதானே 1969க்குப் பின் அண்ணா சாலை ஆவதற்குமுன் மவுண்ட் ரோடாக இருந்தது.

நூல்களில் இவ்வூர் வரலாறு பெரும்பாலும் படைகள் வந்து இறங்கிய வரலாறாகவே இருக்கிறது. 1759 பிப்ரவரியில், சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டிருந்த பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையை இம்மலையடியில் எதிர்கொண்டவர்களுள் மருதநாயகம் என நாம் அறியும் யூசுப்கானும் ஒருவர். ஐந்தே ஆண்டுகளில், 1764இல், அவர் எவருக்காகப் போரிட்டாரோ அவர்களே அவரை மதுரையில் தூக்கிலிட்டனர். 1769இல் ஹைதர் அலியின் குதிரைப்படை இங்குவரை வந்து நின்றது. அந்த அச்சத்திலேதான் கும்பினியார் அவரோடு உடன்படிக்கைக்கு இறங்கினர். 1774இல் நிலையான படைமுகாமாகக் கண்டோன்மெண்ட் அமைந்தது. சென்னைப் பீரங்கிப் படையின் தலைமையிடமாகப் பரங்கிமலை நெடுங்காலம் விளங்கிற்று. 1780இல் மன்றோவின் படை புறப்பட்டதும் இங்கிருந்துதான். அது காஞ்சிபுரத்தை அடைந்தும் உதவிக்குப் போகாததால் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது.

போரல்லாத செய்திகளும் இரண்டு உண்டு. எனக்கு அவையே நெருக்கமானவை. 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்ப்டன் இம்மலையருகிலிருந்து பெரும்பாக்கத்துக் குன்றுவரை, ஏறத்தாழ ஏழரை மைல், நூறடிச் சங்கிலியால் நிலத்தை அளக்கத் தொடங்கினார். பின்னர் இமயம்வரை சென்ற மாபெரும் முக்கோண அளவைக்கு அதுவே அடிக்கோடு. மலைமேல் லாம்ப்டனுக்கு மார்பளவுச் சிலை இருக்கிறது. சித்திரை வைகாசி வெயிலில் சங்கிலியைத் தூக்கி, பெட்டிகளில் நேராகக் கிடத்தி, மீண்டும் தூக்கிச் சென்றவர்கள் எந்த ஊரார், என்ன கூலி பெற்றனர் என்பதைச் சிலையின் கீழ் எவரும் பொறிக்கவில்லை. மற்றொன்று 1863 மே 30. ராபர்ட் புரூஸ் ஃபூட் என்னும் நிலவியலாளர் பல்லாவரத்துப் படைத்திடலில், சரளைக்காக வெட்டியிருந்த சிறு பள்ளமொன்றிலிருந்து ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். இந்தியாவில் பழங்கற்காலம் இருந்தது என்பதற்கு முதற்சான்றாய் நின்றது அந்தக் கல். கும்பினியாருக்கு முன், பல்லவருக்கு முன், பிருங்கி முனிவருக்கும் முன் இங்கே எவரோ குடியிருந்து கல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தார். அவருக்கு வீட்டுப் பத்திரம் இருந்திருக்காது.

பத்திரம் என்ற சொல் இங்கே தற்செயலாக வரவில்லை. அதற்குப் போகுமுன் நண்பரின் கேலிக்குத் திரும்புகிறேன்.

‘பாசறை’ என்று அவர் சொன்னது வெறும் எதுகைக்காக. எனக்கோ அது ஆண்டுதோறும் நான் பாடம் நடத்தும் சொல். பத்துப்பாட்டில் மிகச் சிறியதான, நப்பூதனார் பாடிய முல்லைப்பாட்டின் 103 அடிகளில் நடுப்பகுதி முழுவதும் ஒரு பாசறையின் காட்சிதான். மாணவர்க்கு அதில் பிடித்தவை மன்னன் கூடாரத்தில் காவல் நிற்கும் யவனரும், பேசாமல் சைகை காட்டும் மிலேச்சரும், நாழிகை சொல்வோரும். தேர்வில் வருவனவும் இவையே. ஆனால் பாசறை எப்படி உண்டாகிறது என்பதைப் புலவர் அதற்கு முன்பே சொல்லிவிடுகிறார். காட்டாற்றை ஒட்டிய அகன்ற காட்டில் செடிகொடிகளை வெட்டி அகற்றுகிறார்கள். அங்கிருந்த வேட்டுவரின் சிற்றரண்களை அழிக்கிறார்கள். பின்னர் காட்டு முள்ளால் வேலி வளைக்கிறார்கள். உள்ளே தழையால் கூரை வேய்ந்த குடிசைகள் தெருத்தெருவாய் எழுகின்றன. தெருக்கள் கூடுமிடத்தில் கவளம் உண்ண மறுத்து நிற்கும் யானையை, இளம்பாகர்கள் வடமொழிச் சொற்களைச் சொல்லிச் சொல்லி உண்ணச் செய்கிறார்கள்.

இருபது ஆண்டுகள் இதைக் கற்பித்தும் அந்த வேட்டுவரைப் பற்றி ஒரு மாணவரிடமும் ஒரு வினா கேட்டதில்லை என்பதை, இவ்வூருக்கு வந்த பின்பே உணர்ந்தேன். உரையாசிரியர்களும் அவர்களைக் கடந்துபோய்விடுகிறார்கள். வேலி வளைத்ததும் அவர்கள் எங்கே போனார்கள்? ஒருவேளை சிலர் வேலிக்கு வெளியே நின்று தேனும் ஊனும் விற்றிருக்கலாம். யானைக்குத் தழை ஒடித்துவந்து போட்டுக் கூலி வாங்கியிருக்கலாம். அப்படியானால் அவர்களே நம் கடைத்தெருவாசிகளின் முன்னோர்.

சங்கப் பாசறைக்கு ஒரு நற்குணம் உண்டு. கார்காலம் வந்தால் கலைந்துவிடும். வினை முடிந்த தலைவன் தேரேறி வீடு திரும்புவான். முள்வேலியை மழை தின்னும். காடு மீண்டும் காடாகும். தமிழில் ‘தண்டு இறங்குதல்’ என்னும் வழக்கு இருக்கிறது. இறங்கிய தண்டு ஏறிப் போய்விடும் என்பது அச்சொல்லிலேயே அடங்கியிருக்கிறது. பரங்கிமலையில் 1774இல் இறங்கிய தண்டு ஏறவில்லை. கொடி மாறியது, மொழி மாறியது, 1963 முதல் இங்கே நம் படை அதிகாரிகளுக்குப் பயிற்சி நிலையம் நடக்கிறது. 1992 முதல் பெண்களும் பயின்று அதிகாரிகளாய் வெளியேறுகிறார்கள். அது எனக்குப் பெருமிதம் தரும் செய்தி. விடியற்காலையில் காற்று வாகாக வீசினால் அணிவகுப்புப் பயிற்சியின் ஓசை எங்கள் வாசல்வரை வரும். என் தாயார் அதைக் கேட்டுத்தான் காப்பிக்கு அடுப்பு மூட்டுகிறார். ஆகவே நான் இராணுவத்தைக் குறைசொல்ல வந்தவன் அல்லன். நான் பேச வந்தது முள்வேலிக்குள்ளேயே நிலைத்துவிட்ட ஊரைப் பற்றி.

இங்கு வந்த முதல் மாதங்களில் நான் சொல்லாத இடமில்லை. மரங்களின் பெருமை பேசினேன். ஜி.எஸ்.டி. சாலைக்கு அந்தப் பக்கம் அடுக்குமாடிகள் ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்க, இங்கே தூங்குமூஞ்சி மரங்கள் தெருவுக்குக் கூரை போட்டிருக்கின்றன. இரவில் ஆந்தை கேட்கிறது. (தலைக்கு மேல் விமானமும் கேட்கிறது. மீனம்பாக்கம் பக்கத்தில் இருப்பதை மறைத்து அமைதி பேசுவது நேர்மையன்று.) என்னைப் பார்க்க வந்த நண்பர்கள் எல்லாரும் “இந்த இடம் மாநகராட்சி கையில் போகாதிருந்ததால் பிழைத்தது” என்றனர். நானும் தலையசைத்தேன். கண்டோன்மெண்டுகளின் குடிமக்கள் பகுதிகளைப் பிரித்து அருகிலுள்ள நகராட்சிகளோடு சேர்ப்பது என்று ஒன்றிய அரசு முடிவெடுத்திருப்பதையும், 2023 ஏப்ரலில் இமாசலப் பிரதேசத்து யோல் அவ்வாறு முதலில் கலைக்கப்பட்டதையும் செய்தித்தாளில் படித்தபோது, ‘இங்கேயும் அது வந்துவிடக்கூடாதே’ என்றே நினைத்தேன். குடக்கூலிக்கு வந்து நான்கு மாதம் ஆனவனுக்கு ஊரைப் பற்றி எத்தனை உறுதியான கருத்துகள்!

அந்தக் கருத்து ஒரு டிரங்குப் பெட்டியின் முன் உடைந்தது.

எங்கள் வீட்டுக்காரம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். வீட்டின் பின்கட்டில் தனியே வாழ்கிறார். அவருடைய கணவரின் பாட்டனார் பீரங்கிகளை இழுக்கும் குதிரைகளுக்குப் புல்லறுத்துப் போட்டவர். அக்காலப் படையில் குதிரை ஒன்றுக்குக் குதிரைக்காரர் ஒருவரும் புல்லறுப்பவர் ஒருவரும் உண்டு. சிப்பாய்களைக் காட்டிலும் தண்ணீர் சுமப்பவர், சலவைத் தொழிலாளர், சமையற்காரர், மாட்டுவண்டிக்காரர், புல்லறுப்பவர் ஆகியோரே முகாமில் மிகுதி. அவர்கள் குடியேறிய கடைத்தெருக்களே பின்னாளில் ‘சிவில் ஏரியா’ எனப்பட்டன. அவர்களின் பேரர்கள் இன்று அங்கே தையற்கடை வைத்திருக்கிறார்கள், ரயில்வேயில் பணிசெய்து ஓய்வு பெற்றிருக்கிறார்கள், கணினி நிறுவனங்களுக்குப் போகிறார்கள்.

வீட்டுக்காரம்மாவின் கழிப்பறை கொல்லையின் கோடியில், கிணற்றுக்கும் அப்பால் இருக்கிறது. சென்ற ஐப்பசி மழையில் அங்கே வழுக்கி விழுந்தார். நல்லவேளை, எலும்பு முறியவில்லை. பின்கட்டிலேயே ஒரு சிறு கழிப்பறை கட்டிக்கொள்ளலாமே அம்மா என்றேன். கட்டடத்தில் எதைக் கூட்டுவதென்றாலும் அனுமதி வேண்டுமே சார், என்றார். சரி, விண்ணப்பம் கொடுப்போம், நான் எழுதித் தருகிறேன் என்றேன். அவர் பேசாமல் உள்ளே போய்க் கட்டிலடியிலிருந்து பெட்டியை இழுத்துவந்தார்.

“தமிழ் வாத்தியாருன்னாலும் இங்கிலீசு தெரியும்ல சார்? இதைப் படிச்சுச் சொல்லுங்க. விண்ணப்பம் குடுத்தா இதைக் கேப்பாங்க. இதைக் கொண்டுபோய்க் காட்ட எங்க வீட்டுக்காரருக்கும் பயம், அவங்க அப்பாவுக்கும் பயம்.”

மடிப்புகளில் கிழிந்திருந்த தாள்கள். இந்தியக் கண்டோன்மெண்டுகள் பலவற்றில் வழங்கும் ‘பழைய கிராண்ட்’ முறை என்று நான் பின்னர் படித்து அறிந்துகொண்டதன் சாரம் அவற்றில் இருந்தது. நிலம் அரசுடையது. அதன்மேல் எழுப்பிய கட்டடம் மட்டுமே குடியிருப்பவருடையது. அரசு வேண்டும்போது ஒரு மாத அறிவிப்புத் தந்து, கட்டடத்தின் மதிப்பைக் கொடுத்து நிலத்தை மீட்டுக்கொள்ளலாம். இவ்விதிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அதிகாரிகளின் பங்களாக்களை மனத்திற்கொண்டு கும்பினி அரசு வகுத்தவை. கும்பினி போயிற்று, பேரரசு போயிற்று, 1924இன் கண்டோன்மெண்ட் சட்டம் போய் 2006இல் புதுச் சட்டம் வந்தது. நிலத்தின் கணக்கு மட்டும் பதிவேட்டில் அப்படியே நிற்கிறது. அப்பதிவேட்டில் வீட்டுக்காரருக்கு ‘உரிமையாளர்’ என்ற பெயர் இல்லை. அனுபோக உரிமை உடையவர் என்று பொருள்படும் நீண்ட ஆங்கிலத் தொடரொன்றே இருக்கிறது.

நான் படித்து முடித்ததும் அவர் கேட்டார். “அப்ப சுவரு எங்களது. சுவருக்குக் கீழே இருக்கறது எங்களது இல்ல. அப்படித்தானே சார்?”

ஆமாம் அம்மா, என்றேன். வேறென்ன சொல்ல முடியும்?

அனுமதி கேட்டு எவரும் மறுத்ததால் அவர் கட்டாமலிருக்கவில்லை. அவர் கேட்கவே இல்லை. கேட்டால் தாள் வெளியே வரும், தாள் வந்தால் ‘இது யாருடைய நிலம்’ என்ற கேள்வி எழும் என்று மூன்று தலைமுறை அக்குடும்பம் ஓசையின்றி வாழ்ந்திருக்கிறது. சுவர் இற்றுப்போனாலும் பூசிக்கொண்டு, ஓடு உடைந்தால் அதே அளவு ஓடு தேடிப்போட்டு, எதையும் கூட்டாமல் குறைக்காமல். நான் நண்பர்களிடம் மெச்சிக்கொண்ட அமைதியும் பழைமையும் என்னவென்று அன்றுதான் தெரிந்தது. நூறாண்டுக்கு முந்தைய செந்தரையும் தாழ்ந்த ஓட்டுத் தாழ்வாரமும் என் கண்ணுக்கு அழகாய் இருந்தன. அவை அழகுக்காக விட்டுவைக்கப்பட்டவை அல்ல.

என் வரலாற்றுத் துறை நண்பர் இதை ஏற்கவில்லை. தேநீர் வேளையில் எங்களுக்குள் கடும் வாதம். “நிலத்தை அவர்கள் பெயருக்கு மாற்றிக் கொடுத்துப் பாருங்கள். பத்தே ஆண்டில் அந்த அம்மாவின் பேரன் கட்டடக் குத்தகைக்காரரிடம் கொடுத்து ஐந்து மாடி எழுப்புவான். உங்கள் ஆந்தை எங்கே போகும்?” என்றார். அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. மரங்கள் விழும். சில நல்ல வீடுகள் விழும். நானும் வேறு வீடு தேட வேண்டியிருக்கும். ஆனால் நகரம் தன் மரங்களைக் காக்க வேண்டுமானால் அதற்கு மரம் காக்கும் விதிகளும், பழங்கட்டடம் காக்கும் விதிகளும் செய்யட்டும். அவ்விதிகள் தியாகராய நகருக்கும் மயிலாப்பூருக்கும் இவ்வூருக்கும் ஒன்றாய் இருக்கட்டும். ஒரு மூதாட்டியின் அச்சத்தைக் கொண்டு நகரத்துக்கு நிழல் வளர்ப்பது முறையன்று. அந்த நிழலில் குறைந்த வாடகைக்கு உட்கார்ந்துகொண்டு அவ்வாதத்தை நான் பேசுவது அதைவிடவும் முறையன்று.

மற்றொன்றும் அவரிடம் சொன்னேன். எங்களுக்கு மிக அருகில் ஆலந்தூர். 2011இல் சென்னை மாநகராட்சியோடு சேருமுன் அது தனி நகராட்சி. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே பாதாளச் சாக்கடைத் திட்டம் வந்தபோது மக்களே முன்பணம் கட்டி அதில் பங்கேற்றதை நாடெங்கும் எடுத்துக்காட்டாகப் பேசினார்கள். வீடு வீடாய்ப் போய்ப் பணம் கேட்கவும், கொடுத்தவர் ‘வேலை என்னாயிற்று’ என்று திருப்பிக் கேட்கவும் அங்கே தேர்ந்தெடுத்த மன்றமும் தலைவரும் இருந்தனர். கண்டோன்மெண்ட் வாரியத்தில் தலைவர் அங்குள்ள படை அதிகாரி. சட்டப்படி மக்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர்க்கும் இடமுண்டு. ஆனால் நாடு முழுதும் 57 வாரியங்களுக்கு 2023 ஏப்ரல் 30 அன்று தேர்தல் என அறிவித்து, மார்ச்சிலேயே அதனை ரத்துசெய்தனர். பொங்கல் விழா மேடைதோறும் உத்திரமேரூர்க் குடவோலையைப் பற்றி முழங்குகிறோம். நானும் முழங்கியிருக்கிறேன், சால்வையும் வாங்கியிருக்கிறேன். அந்த உத்திரமேரூருக்கு இங்கிருந்து இரண்டு மணிநேரப் பயணம்தான்.

ஆகவே குடிமக்கள் பகுதி பிரிய வேண்டும் என்பதே இன்று என் கருத்து. ஆனால் எப்படிப் பிரிவது என்பதில் எனக்குப் பெருங்கவலை உண்டு. 2024இல் ஒன்றிய அரசு தந்த வழிகாட்டு நெறிகளின்படி, தெருவிளக்கு, குழாய், பள்ளிக் கட்டடம் முதலிய பொதுச்சேவைச் சொத்துகள் விலையின்றி மாநிலத்திடம் போகும். நிலத்தின் மூல உரிமை, பொருந்தும் இடங்களிலெல்லாம் ஒன்றிய அரசிடமே நிற்கும். இதன் பொருள் என்ன? வீட்டுக்காரம்மா வரி கட்டும் அலுவலகம் மாறும். குப்பை வண்டியின் நிறம் மாறும். சுவருக்குக் கீழுள்ளது அவருடையதாகாது. மாநகரத்தின் வரியும் பழைய கிராண்டின் அச்சமும் ஒருங்கே அவர் தலையில் ஏறக்கூடும். பிரிப்பதைப் பற்றி நாளேடுகளில் வருவனவெல்லாம் எந்த மாநகராட்சியோடு எந்தத் தெரு என்ற கணக்காகவே இருக்கின்றன. குடியிருப்போர்க்கு நிலத்தைத் தலைமுறைக் கணக்கில் உரிமையாக்கித் தருவதற்கு வழி என்ன, விலை என்ன, விலை கொடுக்க இயலாதோர்க்கு என்ன என்று முதலில் பேசியாக வேண்டும். சங்கிலி பிடித்தவர், புல்லறுத்தவர், தண்ணீர் சுமந்தவர் ஆகியோரின் வழித்தோன்றல்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாகத் தங்கியும் இன்னும் முகாமில் இருப்பவர்களாகவே எண்ணப்படுவது நியாயமா?

நெடுநல்வாடையின் இறுதியில் ஒரு காட்சி வரும். நள்ளிரவில், வாடைக்காற்றில் விளக்குச்சுடர் சாய்ந்து எரிய, மன்னன் உறங்காமல் பாசறைத் தெருவில் நடந்து புண்பட்ட வீரர்களை ஒவ்வொருவராய்ப் பார்த்துச் செல்வான். வகுப்பில் இதை நடத்தும்போது நானே உருகிப்போவேன். இவ்வாண்டு நடத்தும்போது, பின்வரிசையில் இருந்த ஒரு மாணவி எழுந்து, “யானைக்குத் தழை போட்டவங்களையும் பார்த்தாராங்க ஐயா?” என்றார். பாட்டில் இல்லை அம்மா, என்றேன். வகுப்பு சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. பிறகுதான் விசாரித்தேன். பல்லாவரத்துக் கண்டோன்மெண்ட் பகுதியிலிருந்து வருகிறவராம்.

சென்ற வாரம் வீட்டுக்காரம்மா தாமாகவே வந்து, விண்ணப்பம் எழுதலாம் சார் என்றார். மனத்தை மாற்றியது எது என்று நான் கேட்கவில்லை. மழைக்காலம் வருகிறது, அது போதும். முற்றத்தில் நாற்காலி போட்டு எழுத உட்கார்ந்தேன். ‘கீழே கையொப்பமிட்டுள்ள’ என்று தொடங்கியதுமே கை நின்றுவிட்டது. அடுத்து என்ன எழுதுவது? உரிமையாளர் என்றால் பதிவேடு மறுக்கும். குடியிருப்பவர் என்றால் நான் அல்லவா குடியிருப்பவன். அனுபோக உரிமை உடையவர் என்று எழுதிப் படித்துக்காட்டினேன்.

“அது என்ன சார், வாயிலயே நுழையல. எங்க மாமனாரோட அப்பா பேரை முதல்ல போடுங்க. அவரு குதிரைக்குப் புல்லு போட்டவருன்னு எழுதுங்க. அங்கேருந்து ஆரம்பிங்க” என்றார்.

பழைய படைப் பதிவுகளில் புல்லறுப்பவருக்கு வழங்கிய ஆங்கிலச் சொல்லை அன்றிரவு தேடியெடுத்து, அந்தப் பெரியவரின் பெயருக்குப் பக்கத்தில் முதல் வரியில் எழுதினேன். கழிப்பறையின் நீள அகலத்தைக் கொத்தனார் வந்து அளந்துகொடுத்தால் மீதியையும் எழுதிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.